1,35,000 ரூபாய் ஒயரும் அத்தானின் காதும்

சென்ற ஆனி மாதம் ஒரு நாள் மாலை பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டு மேசையில் மின்கட்டண ரசீதுக்கு அடியில் ஒரு காது பரிசோதனைச் சீட்டு கிடந்தது. அத்தானின் பெயரும் 61 என்ற வயதும் மேலே இருந்தன. வலக்காதுக்குச் சிவப்பு வட்டங்களும் இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறிகளும் இட்ட வரைபடம். 4,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் இரண்டு கோடுகளும் சற்றே இறங்கியிருந்தன. வயதுக்கு இயல்பான அளவுதான் என்று மருத்துவர் கீழே எழுதியிருந்தார். என்னவென்று அக்காவிடம் கேட்டதற்கு, "அவருக்கு என்னமோ காது சரியா கேக்கலியோன்னு ஒரு மனக்கொறை. நீ அவர்ட்ட ஒண்ணும் கேட்டுக்கிடாத" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

காரணம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மாடியில் ஓர் அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கி, நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஒரு ஜோடி ஸ்பீக்கர்களும் அத்தான் வாங்கி வைத்திருந்தார். வாங்கிய கடை வெளியூரில் இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் சாதாரணமானதாக இருந்தால் போட்ட பணமெல்லாம் வீண் என்று அங்கே சொல்லி, 3 மீட்டர் நீளத்தில் ஒரு ஜோடி கேபிளை 1,35,000 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் மாட்டிக் கேட்டதில் அத்தானுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தொலைபேசியில் விசாரித்தபோது, 200 மணி நேரம் ஓடினால்தான் கேபிள் பழகும் என்று பதில் வந்தது. அவரும் ஒழுங்காக நாள்கணக்கு எழுதி 200 மணி நேரம் ஓடவிட்டார். அதன் பிறகும் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னபோது, "அதுக்குக் காது பழகியிருக்கணும் சார், எல்லாருக்கும் கேட்டுராது" என்று சொல்லிவிட்டார்கள்.

பணம் போனதைவிட இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது. ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் கோவில் ரதவீதிக்குள் நுழைவதற்கு முன்பே, இரண்டு தெரு தள்ளிக் கேட்கும் நாகசுரத்தை வைத்து இன்ன ராகம் என்று சொல்லிவிடுகிறவர் அத்தான். அவர் பிறந்த சமயத்தில், 1964இல், மறைந்துபோன காருகுறிச்சி அருணாசலத்தின் பதிவுகளைத் திருநெல்வேலி வானொலியில் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பது வரை மனப்பாடமாக வைத்திருப்பவர். அப்படிப்பட்ட மனிதர், தனக்குக் கேட்காத ஒன்று அங்கே இருக்கிறது என்று நம்பி, மனைவியிடம்கூட முழுமையாகச் சொல்லாமல் காது மருத்துவரிடம் போய் நின்றிருக்கிறார். ஆகவே இந்தக் கேபிள் விவகாரத்தில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒயர் என்பது எனக்குப் புத்தகத்தில் மட்டும் அறிமுகமான பொருள் அன்று.

என் அப்பா கல்லிடைக்குறிச்சியில் மைக்செட் வைத்திருந்தார். பங்குனி, சித்திரையில் சுற்றுவட்டாரத்துக் கோவில் கொடைகளும், ஆவணியில் கல்யாணங்களும், நடுவில் வரும் அரசியல் கூட்டங்களும்தாம் எங்கள் வீட்டுச் சோறு. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாலும், ஒயர்ச் சுருளை முழங்கையில் சுற்றி எடுப்பதும், முனையைச் சுரண்டிக் கொடுப்பதும் எனக்குப் பத்து வயதிலேயே பழகிவிட்டிருந்தன. ஒயரைப் பற்றி அப்பாவுக்கு மூன்று பிடிவாதங்கள் உண்டு. தூரம் கூடினால் ஒயர் கனமாக வேண்டும். இணைப்பை வெறுமனே முறுக்கிவிட்டு டேப் சுற்றக்கூடாது. களிம்பு போகச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, பிறகுதான் டேப். மைக் ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒன்றாகப் படுக்கவிடக்கூடாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மனிதர் அவர். பிற்பாடு நான் மின்பொறியியல் படித்தபோது, இந்த மூன்றுக்கும் பின்னால் இருந்த கணக்குகளை ஒவ்வொன்றாகப் பாடத்தில் சந்தித்தேன், எதுவும் பிசகவில்லை.

முதல் பிடிவாதத்தை எடுத்துக்கொள்வோம். கொடைக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டும்போது கோவில் வாசலிலிருந்து 200 மீட்டர் தள்ளி ஊர் எல்லையில் ஒரு வேப்பமரத்தில் ஒரு குழாய் இருக்கும். போய்த் திரும்பும் இரண்டு கம்பிகளையும் சேர்த்தால் 400 மீட்டர் செம்பு. 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள ஒயராக இருந்தால் அதன் மின்தடை ஏறத்தாழ 9 ஓம். 8 ஓம் குழாயை நேரடியாக அதில் மாட்டினால், ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் ஒயரைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஊர் எல்லையில் வில்லுப்பாட்டுக்காரரின் குரல் முனகலாகத்தான் கேட்கும். இதற்காகவே 100 வோல்ட் லைன் என்ற முறை வந்தது. ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 20 வாட் குழாய் அந்த லைனில் 500 ஓமாகத் தெரியும். 500 ஓமுக்கு முன்னால் 9 ஓம் பெரிதில்லை. அதே ஒயர், அதே தூரம். இழப்பு மட்டும் நூற்றில் இரண்டு பங்குக்குக் குறைந்துவிடுகிறது.

ஒயர் விஷயத்தில் அடிப்படையான கேள்வி, ஒயரின் தடை எதற்கு எதிரே நிற்கிறது என்பதுதான். இதை 1827இலேயே ஜெர்மனியின் கியோர்க் சைமன் ஓம் எழுதி வைத்துவிட்டார். அத்தானின் அறையில் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 3 மீட்டர்தான். சாதாரண வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில், போய்த் திரும்பும் 6 மீட்டருக்கும் சேர்த்துத் தடை 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் ஏற்படும் ஒலிக்குறைவு 0.05 டெசிபல்கூட இல்லை. மிகச் சாதகமான சூழலிலும் கால் டெசிபலுக்குக் குறைந்த ஏற்றத்தாழ்வை மனிதக் காது கண்டுகொள்வது அரிது. இந்த இழப்பை எவ்வளவு பணம் கொடுத்து முழுமையாக நீக்கினாலும், நீங்கிய இடத்தில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேபிள் முடிந்த இடத்தில் கம்பி முடிந்துவிடுவதில்லை. ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்தால், உள்ளே அதிர்வெண்களைப் பிரிக்கும் பலகையில் இனாமல் பூசிய செம்புக் கம்பி மீட்டர் கணக்கில் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் கூம்புக்குப் பின்னால் இருக்கும் சுருள், முடிபோன்ற மெல்லிய கம்பி. அந்தச் சுருளின் தடை மட்டும் சுமார் 6 ஓம். வெளியே 0.04 ஓம் தங்கமாக இருந்தாலும் தகரமாக இருந்தாலும், மின்சாரம் அடுத்த கணமே இந்த 6 ஓம் சாதாரணச் செம்புக்குள் போயாக வேண்டும். அப்பாவின் கடையில் எரிந்துபோன வூஃபர்களுக்குச் சுருள் மாற்றுவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். காகிதக் குழல்மீது, ஒரு சுற்று மற்றொன்றின்மேல் ஏறிவிடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு அவர் சுற்றுவார். அந்தச் சுருளைக் கண்ணால் கண்ட எவருக்கும் அதற்கு முன்னால் உள்ள 3 மீட்டரைப் பற்றிய பயம் வராது.

கடைக்காரர் கொடுத்த வண்ணப் புத்தகத்தை அத்தான் பத்திரமாக வைத்திருந்தார். வெள்ளி முலாம், ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு, திசை காட்டும் அம்புக்குறி, மேற்பரப்பு விளைவைத் தடுக்கும் விசேஷ முறுக்கு என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. இவற்றுள் எதுவும் முழுப் பொய் இல்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். வெள்ளி செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்பது உண்மை; சுமார் 6 விழுக்காடு. 2.5க்குப் பதிலாக 2.65 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் அந்த 6 விழுக்காடு வந்துவிடும். மின்வேலைக்குப் பயன்படும் சாதாரணச் செம்பே 99.9 விழுக்காடு தூய்மையானது. ஆக்ஸிஜன் நீக்குவதால் கடத்துதிறனில் கிடைக்கும் கூடுதல் அதிகம் போனால் ஒரு விழுக்காடு. மேற்பரப்பு விளைவும் உண்மையானதே. அதிர்வெண் கூடக்கூட மின்சாரம் கம்பியின் நடுவை விட்டு வெளிவிளிம்புக்கு ஒதுங்கும். செம்பில் 20,000 ஹெர்ட்ஸில் அது பாயும் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதனால் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் தடை, காது கேட்கக்கூடிய எல்லையின் உச்சியில், ஏறத்தாழக் கால் பங்கு கூடும். எதில் கால் பங்கு? 0.04 ஓமில். அது 0.05 ஆகிறது. ரேடியோ அலைவரிசை அனுப்புகிறவர்களுக்குப் பெரும் தலைவலியான ஒரு விளைவை, அளவைச் சொல்லாமல், பெயரை மட்டும் சொல்லிப் பாட்டுக் கேட்கிறவர் தலையில் இறக்கியிருக்கிறார்கள். பொய் சொல்வதைவிட இதை எதிர்கொள்வது கடினம்; ஏனென்றால் பாதி படித்தவர் தேடிப் பார்த்தால், அப்படி ஒரு விளைவு இருக்கிறது என்றுதான் பாடநூலும் சொல்லும்.

அம்புக்குறிக்கு ஒரே ஓர் இடத்தில் நியாயம் உண்டு. பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சில மெல்லிய கேபிள்களில் வெளிக்கவசத்தை ஒரு முனையில் மட்டும் இணைத்திருப்பார்கள். எந்த முனை எந்தப் பக்கம் என்று தெரிய அம்பு போடுவார்கள். ஸ்பீக்கர் ஒயரில் கவசமும் இல்லை, திசையும் இல்லை. ஒலிச்சமிக்ஞை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஆடும் மாறுமின்சாரம். அது போகும் திசைக்கு ஒரு குணமும் வரும் திசைக்கு ஒரு குணமும் கம்பிக்கு இருந்தால், அந்தக் கம்பி பாட்டைச் சிதைக்கும் கம்பி. அதை வாங்கவே கூடாது.

கேபிள் பழகும் என்பதற்கு எந்த இயற்பியலும் இல்லை. 200 மணி நேரம் பாட்டு ஓடிய பிறகும் செம்பு செம்பாகவே இருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் கேட்டால் 200 மணி நேரம் முடிய நூறு நாள் ஆகும். பொருளைத் திருப்பிக் கொடுக்க வைத்திருக்கும் கெடு அதற்குள் கடந்துவிடும். அத்தானுக்கு நடந்தது இதுதான்.

பவர் கேபிளை அத்தான் வாங்கவில்லை, ஆனால் அதே புத்தகத்தில் அதுவும் இருந்தது. சுவரிலுள்ள பிளக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை ஒன்றரை மீட்டர், விலை 40,000 ரூபாய்; மின்சாரத்தைத் தூய்மை செய்து குரலைத் துலக்கிக் காட்டுமாம். நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணெதிரே தெரியும். பாபநாசத்துத் தண்ணீரில், கயத்தாற்றுப் பக்கத்துக் காற்றாலையில், கூடங்குளத்து அணு உலையில் பிறந்து, எஃகு நடுவும் அலுமினியப் புறமுமாக முறுக்கிய கம்பிகளில் பொட்டல் காட்டையும் வாழைத் தோட்டங்களையும் தாண்டி, காகமும் பட்டமும் சிக்கிய கம்பங்கள் வழியே தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து 230 வோல்ட்டாக இறங்கி, வீட்டுச் சுவருக்குள் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் எலக்ட்ரீஷியன் இழுத்துவிட்ட ஒயர் வழியாக அது பிளக்கை அடைகிறது. கடைசி ஒன்றரை மீட்டர், அதற்கு முன் வந்த அத்தனை கிலோமீட்டரையும் திருத்த முடியாது. திருத்த வேண்டிய தேவையும் இல்லை. ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்ததும் அந்த மின்சாரம் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கித்தான் பாட்டுக்குப் பயன்படுகிறது. அந்த வேலைக்காகவே உள்ளே ஒரு பகுதி இருக்கிறது, அதற்கான விலையை நாம் ஆம்ப்ளிஃபயரோடு கொடுத்துவிட்டோம்.

இதையெல்லாம் அத்தானிடம் உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணக்கு சரிதாம்மா. ஆனா கணக்குல வராதது காதுக்கு வந்துராதா?" என்று கேட்டார். இது நல்ல கேள்வி. இசையை நேசிக்கிறவர் அப்படித்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும். காதுக்கு வருகிறதா என்பதைக் காதிடம்தான் கேட்க வேண்டும். கண்ணையும் விலைச்சீட்டையும் விலக்கிவிட்டுக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினோம்.

பாளை மார்க்கெட் பக்கம் ஓர் எலக்ட்ரிகல் கடையில், வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் ஒயர் 12 மீட்டர் வாங்கினேன். 500 ரூபாய்க்குள் முடிந்தது. அத்தானின் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் மாட்ட ஏ, பி என இரண்டு வரிசை முனைகளும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கப் பொத்தான்களும் இருந்தது பெரிய வசதியாகப் போயிற்று. ஏ வரிசையில் விலை கூடிய கேபிள், பி வரிசையில் வயரிங் ஒயர். இரண்டின் மறுமுனைகளையும் ஒரே ஸ்பீக்கரில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஒயரின் முனைகளை அப்பா சொன்னபடி பிளேடால் சுரண்டி, பளபளப்பு வந்த பிறகே முடுக்கினேன். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில், இரண்டு பாதையிலும் வோல்ட் அளவு இரண்டாம் தசமம் வரை ஒன்றாகவே இருந்தது. இந்த ஒரு படியை விட்டுவிட்டால் சோதனையே கெட்டுவிடும். ஒரு பாதை நூலளவு சத்தமாக ஒலித்தாலும், அதைச் சத்தம் என்று காது உணர்வதில்லை. தெளிவு என்றும் செழுமை என்றும் உணர்கிறது. சத்தம் மாறும்போது தாழ்ந்த ஒலிகளின் கனமும் நமக்கு மாறித் தெரிகிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து வரைந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் அக்காவின் பழைய சுங்குடிச் சேலையைத் திரையாகக் கட்டினோம். எந்தச் சுற்றில் எந்தக் கேபிள் என்பதை அக்கா மகள் வேறோர் அறையில் நாணயம் சுண்டி 16 வரிகளாக எழுதிக்கொண்டு வந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பொத்தானின் ஓசையே காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு இரண்டு பொத்தான்களையும் மாறி மாறி அழுத்திவிட்டு, பிறகுதான் ஒன்றில் நிறுத்தினாள். நானும் அத்தானோடு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் எது ஓடுகிறது என்று தெரியாது. தெரிந்தவர் எதிரே இருந்தால் அவர் முகமே விடை சொல்லிவிடும்.

தொடங்குவதற்கு முன், எது எது என்று சொல்லிவிட்டே ஒரு முறை இரண்டையும் கேட்க வைத்தோம். அப்போது அத்தான் ஒரு நிமிடம் யோசித்து, விலை கூடியதில் தவிலின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாகக் கேட்பது போலிருக்கிறது என்றார். பல நாள் ஒன்றும் தெரியவில்லை என்றவருக்கு அன்று ஏதோ தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. நான் கணக்குப் போட்டு அது இருக்க முடியாது என்று சொன்னவள். ஆனாலும் எனக்கும் அந்த இறுக்கம் கேட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. எதிர்பார்ப்பு என்பது கற்பனை அன்று. அது காதுக்கும் மனத்துக்கும் நடுவில் உண்மையாகவே வேலை செய்கிறது. இன்னதைக் கவனி என்று சொன்னால் அதை மனம் முன்னே இழுத்து நிறுத்துகிறது.

பிறகு திரை விழுந்தது. காருகுறிச்சியின் ஆலாபனைப் பதிவு ஒன்றும், அண்மையில் பதிவான ஒரு வீணைக் கச்சேரியும் மாறி மாறி ஓடின. முதல் நான்கு சுற்றுகளில் அத்தான் சட்டென்று பதில் சொன்னார். ஐந்தாவதில் தயங்கினார். ஒன்பதாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு, "திருப்பிப் போடும்மா" என்று மகளிடம் மூன்று முறை கேட்டார். பன்னிரண்டாவது சுற்றுக்குப் பிறகு, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கு. ஆனாலும் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டே தொடர்ந்தார். 16 சுற்றுகளில் 9 சரி. அடுத்து நான் உட்கார்ந்தேன், 7 சரி. கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டிப் பதில் சொன்னால் சராசரியாக 8 வரும். வித்தியாசம் கேட்கிறது என்று ஓரளவு நம்புவதற்கு 16இல் 12ஆவது சரியாக வர வேண்டும். ஏனென்றால் வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் 4 அளவுதான்.

ஒரு வீட்டில் இரண்டு பேர் செய்த சோதனை உலகத்துக்குத் தீர்ப்பாகாது என்பதை அறிவேன். ஆனால் இந்தப் பாதையில் நாங்கள் முதலில் நடந்தவர்கள் அல்லர். 1983இல் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழுக்காக லாரன்ஸ் கிரீன்ஹில் இதே போன்ற சோதனையை முறையாக நடத்தினார். விலை கூடிய ஸ்பீக்கர் கேபிளையும் விளக்குக்குப் போடும் சாதாரணத் தடித்த ஒயரையும் கேட்டவர்களால் இசையில் பிரித்தறிய முடியவில்லை. மிக மெல்லிய ஒயரை மட்டும், சத்தம் குறைவதால், சீரான இரைச்சல் ஒலியை வைத்துக் கண்டுபிடித்தார்கள். எந்த ஒயர் தோற்றது என்பதைக் கவனியுங்கள். அப்பா வேண்டாம் என்று ஒதுக்கும் அந்த மெல்லிய ஒயர்தான். 2007இல், அபூர்வத் திறன்களை நிரூபிப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்திருந்த ஜேம்ஸ் ராண்டி, 12 அடிக்கு 7,250 டாலர் விலை வைத்த ஒரு கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினாலும் அந்தப் பரிசு உண்டு என்று அறிவித்தார். தயாரித்த நிறுவனம் விலகிக்கொண்டதால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

ஒயரே முக்கியமில்லை என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டிவிட்டால் நான் எழுதியது வீண். மைக்கிலிருந்து வரும் சமிக்ஞை மில்லிவோல்ட் கணக்கில் இருக்கும். கவசம் இல்லாத ஒயரில் அதை இழுத்தால் பக்கத்துக் கரண்ட் ஒயரின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பாட்டோடு சேர்ந்து வரும். அப்பாவின் மூன்றாவது பிடிவாதம் அதற்காகத்தான். ரெக்கார்டு பிளேயரின் ஊசிக்கு அடுத்து வரும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, உயர்ந்த ஸ்வரங்களின் தன்மையை மாற்றும். ஆற்றோரத்து ஈரத்தில் பச்சைக் களிம்பு ஏறிய முனை கரகரக்கும். இவை எல்லாமே அளக்கக் கூடியவை, கேட்கக் கூடியவை, சில நூறு ரூபாயில் சரிசெய்யக் கூடியவை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே கொள்கிறது. புகார் செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தேன்; அத்தானுக்கு மனம் இல்லை. அவரைக் கட்டாயப்படுத்த நான் விரும்பவில்லை.

அதற்குப் பதிலாக அன்று மாலையே அறையைத் திருத்தத் தொடங்கினோம். அறை 14 அடி நீளம், டைல்ஸ் தரை, நான்கு பக்கமும் மொட்டைச் சுவர். அந்த நீளத்துக்கு ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸில் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே மோதித் தேங்கி நிற்கும். ஸ்பீக்கர்கள் இரண்டும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்ததால் அந்தத் தேக்கம் இன்னும் கூடியிருந்தது. கேபிளில் நாம் பேசியது டெசிபலில் இருபதில் ஒரு பங்கு. ஸ்பீக்கரை நகர்த்தினால் கனத்த ஒலிகளில் மாறுவது முழு டெசிபல்கள். இரண்டையும் சுவரைவிட்டு இரண்டு அடி முன்னால் இழுத்தோம். தரையில் பத்தமடைப் பாயை விரிக்கலாமா என்று அக்கா கேட்டாள். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் அந்த மெல்லிய கோரை எதிரொலியை அதிகம் உறிஞ்சாது என்று சொல்லி, கனத்த ஜமுக்காளத்தைத் தரையிலும், பரணில் கிடந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைப் பக்கச் சுவர்களிலும் சாத்தினோம். அதே காருகுறிச்சியைப் போட்டபோது, ஆலாபனைக்கு நடுவில் பின்னாலிருந்து தவில்காரர் மெல்லத் தட்டிச் சுருதி பார்ப்பது கேட்டது. அத்தான் கையை உயர்த்தி எங்களைப் பேசவேண்டாம் என்று நிறுத்தினார். பிறகு மகளைக் கூப்பிட்டு, இப்போது எந்தக் கேபிள் ஓடுகிறது என்று கேட்டார். பி என்றாள்.

போன வாரம் அத்தான் அழைத்தார். தூத்துக்குடியில் அவருடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறாராம். அவருக்கும் யாரோ கேபிள் விலை சொல்லியிருக்கிறார்கள். என்ன வாங்குவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன்: 2.5 ஸ்கொயர் செம்பு ஒயர். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நீளம். அறையைத் தாண்டி 15 மீட்டருக்கு மேல் போனால் மட்டும் 4 ஸ்கொயர். முனையைச் சுரண்டி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் முறுக்கி முடுக்கவும். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஆண்டுக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து மாட்டவும்.

அத்தான் அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார். "காதைச் சோதித்துப் பார்க்கப் போக வேண்டாம். நான் போய்ப் பார்த்துவிட்டேன்."